சங்கீத ரீச்சருக்கு எம்.ஐ.ஏ.வை எங்கிருந்து தொடங்குவது?

லண்டன் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தம் வந்ததும் பெரியம்மா கையை நீட்டினார். "நிப்பாட்டு மனே."

நிப்பாட்டினேன். மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கு ஒரு ஒழுங்கை இப்பால் அவருடைய வீடு. அந்த விறாந்தையில் பாயை விரித்து முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சரளிவரிசை சொல்லிக்கொடுத்தவர். அந்த வருடங்களில் பாதிக்கு மேல் சண்டைக் காலம். லண்டனில் கேட்பவருக்கு அந்த வெடிச்சத்தமும் அதைத் தொடர்ந்து வரும் காசுப்பெட்டிச் சத்தமும் ஒரு குறும்பு. கல்லடி விறாந்தையில் அது குறும்பு இல்லை. உலகம் முழுக்க ஓடிய பாட்டு, எம்.ஐ.ஏ.வின் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் நினைவு வருவது, அதையே முதலில் போடுவோம் என்று நினைத்த என்னில்தான் பிழை.

கேட்கக் கொடு என்று தொடங்கியது அவர்தான். பேப்பரில் எங்கோ எம்.ஐ.ஏ.வின் சொந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார். "பேர் மாதங்கியாம். அப்படிப் பேர வச்சுக்கொண்டு என்னத்தப் பாடுறா?" சங்கீதக்காரருக்கு மாதங்கி சும்மா பெயர் இல்லை. காளிதாசர் பாடியதாகச் சொல்லும் சியாமளா தண்டகம் என்ற தோத்திரத்தில் மாணிக்க வீணையை மடியில் வைத்திருப்பவள் அவள். பெரியம்மா வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அந்தத் தண்டகம்தான். ஆகவே அவர் கேட்டது வம்புக்கு இல்லை. பதில் சொல்ல எனக்கு ஐந்தாறு வாரம் எடுத்தது. எதை முதலில் போடுவது, எதைப் பிறகு, எதைப் போடவே கூடாது என்று அந்த வாரங்களில் பிடிபட்டதை எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சங்கீத ரீச்சர் இருக்கக்கூடும்.

ஆளைப் பற்றி முதலில். எம்.ஐ.ஏ.வின் முழுப்பெயர் மாதங்கி அருட்பிரகாசம், வீட்டில் மாயா. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பத்துப் பதினொரு வயதில் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாகத் திரும்பவும் லண்டன் போனவர். அங்கே கலைக் கல்லூரியில் படித்தார். பாட்டுக்கு வருமுன் படம் வரைந்தார், வீடியோ எடுத்தார். 2005இல் வந்த முதல் அல்பத்தின் பெயர் 'அருளர்', தகப்பனின் இயக்கப் பெயர். 2007இல் வந்த இரண்டாவது 'கலா', தாயின் பெயர். பிறகு 2010இல் 'மாயா', 2013இல் 'மாதங்கி', 2016இல் 'எய்ம்', 2022இல் 'மாதா'. 2022 வரை ஆறு அல்பம். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லமுடியாது.

அவருடைய அரசியலை இங்கே இழுக்கப்போவதில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது. கிழக்கிலிருந்து ஒரு வார்த்தை மட்டும்: அவர் பத்து வயதில் விட்டுவிட்டுப் போன சண்டை இங்கே 2009 வரை இருந்தது. அவர் பாட்டில் வெடிச்சத்தம் ஒரு வாத்தியமாக மாறியதும் பெரியம்மா கையை நீட்டியதும் அந்த ஒரே சண்டையின் இரண்டு முனைகள். (அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அந்தச் சத்தங்களை மங்கவைத்துத்தான் போட்டார்கள். காரணம் வேறு.)

சங்கீதம் தெரிந்தவருக்கு வேறு பாட்டை அறிமுகம் செய்ய எல்லாரும் திறக்கிற வாசல் ராகம். 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை என்று சொல்லித்தான் இளையராஜாவை எத்தனையோ சபா மாமாக்களின் வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். அங்கே அது சரி, உள்ளே ராகம் இருக்கிறது. எம்.ஐ.ஏ.விடம் அந்த வாசலால் போனால் முட்டிக்கொள்வோம். பெரும்பாலான பாட்டில் குரல் மூன்று நான்கு சுரத்துக்குள் நிற்கும், பாதி நேரம் பேச்சு. சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் தேடுகிறவருக்கு வெறுங்கைதான். நானும் முதல் வாரம் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். "இந்த இடத்தில ஒள்ளுப்பம் சிந்துபைரவி மாதிரி இல்லையா?" என்று கேட்டேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை.

அவருக்கு உண்மையில் இடறியது ராகம் இல்லாதது கூட இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "மறுகா?" என்பார், பிறகு என்ன என்று. மறுகா ஒன்றுமில்லை, இதுதான் பாட்டு. அதே துண்டு திரும்பத் திரும்ப வரும். ஆலாபனை படிப்படியாக மேலே ஏறும், கீர்த்தனையில் சங்கதி ஒன்றிலிருந்து ஒன்று விரியும், எல்லாம் சேர்ந்து கோர்வை என்ற முடிவுக் கணக்கில் வந்து, தாளம் தொடங்கும் சமத்தில் விழும் என்று பழகிய காதுக்கு, நகராத பாட்டு பாட்டாகவே படாது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி நிரவல். நிரவலில் சாகித்தியத்தில் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறோம். சொல் தாளத்தில் எந்த இடத்தில் விழுந்ததோ அந்த இடத்தை விட்டு அசையாது. ராகம் அதைச் சுற்றி வளர்கிறது. நல்ல பாடகர் ஒரே வரியைக் கால் மணி நேரம் பாடினாலும் யாரும் "மறுகா?" என்று கேட்பதில்லை. இந்தப் பாட்டுகளில் அதே காரியம் தலைகீழாக நடக்கிறது. வெட்டியெடுத்த ஒரு சத்தத் துண்டு அசையாமல் சுற்றும், அதற்குப் பெயர் லூப். அதைச் சுற்றி வேறு வேறு சத்தங்கள் வரும், போகும், தடிக்கும், மெலியும். அங்கே வளர்வது சுரம் இல்லை, சத்தத்தின் தன்மை. வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒரே சட்ஜம் ஏன் வேறாகக் கேட்கிறது என்று முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வோமே, பொப் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டே முழுப் பாட்டையும் கட்டுகிறது.

இதைக் காட்ட மிகச் சிறந்த உதாரணம் 'பேப்பர் பிளேன்ஸ்'தான், அதுதான் சிக்கல். அதில் சுற்றிக்கொண்டிருக்கும் கிட்டார், 1982இல் த கிளாஷ் என்ற ஆங்கிலேயக் குழு பாடிய 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து வெட்டியது. அந்தப் பழைய பாட்டும் குடியேறிகளைப் பற்றியது, இதுவும் அப்படியே. அமெரிக்க விசா கிடைக்காமல் அலைந்த காலத்தில், குடியேறி என்றாலே கள்ளன் என்று பார்ப்பவர்களை நக்கலடித்து மாயா எழுதியது. பிள்ளைகள் சேர்ந்து பாடும் பல்லவி, வெடி, காசுப்பெட்டி எல்லாமே அந்த நக்கலின் பாகம். 2008இல் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியது. இவ்வளவும் சொன்னேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "சரி, வேற போடு" என்றார்.

வேறு போடுமுன் ஸ்பீக்கரை மாற்றவேண்டியிருந்தது. அதுவரை போனில்தான் போட்டுக்காட்டினேன். இந்தப் பாட்டுகளின் பாதி உடம்பு அடிச்சத்தத்தில் இருக்கிறது, போனுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. போனில் எம்.ஐ.ஏ. கேட்பது, தொப்பியில் ரவை அப்பாத மிருதங்கத்தோடு கச்சேரி கேட்பது மாதிரி. தம்பியின் ஓட்டோவிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பெரியம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு எழுந்துவந்து உள்ளங்கையைப் பெட்டியின் பக்கப் பலகையில் வைத்தார், மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும்போது தோலில் கை வைப்பது போல. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைப்பார்கள். மரத்தால் கேட்பது எங்களூருக்குப் புதிதில்லை. "ஒள்ளுப்பம் சத்தத்தக் கூட்டு" என்றார். ஓடிக்கொண்டிருந்தது 'பேர்ட் ஃப்ளூ'.

என்னைக் கேட்டால் சங்கீதக்காரருக்கு எம்.ஐ.ஏ.வைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். 'கலா' அல்பத்தில் உள்ளது. பெயரின்படி பறவைக் காய்ச்சல், உள்ளே கோழிச் சத்தமும் வரும். அமெரிக்காவுக்குள் விடாததால் இந்தியா, ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று திரிந்து திரிந்து பதிவு செய்த அல்பம் இது. ஒரு பாட்டில் அவுஸ்திரேலியப் பழங்குடிப் பையன்கள் பாடுகிறார்கள், டிட்ஜெரிடூ என்ற அவர்களுடைய நீண்ட மரக்குழல் ஊதுகிறது. 'பேர்ட் ஃப்ளூ'வுக்கும் 'போய்ஸ்' பாட்டுக்கும் முதுகெலும்பு சென்னையில் பதிவான உறுமி. 'ஜெயம்' படத்தில் வந்த திருவிழாப் பாட்டின் துண்டும் 'பேர்ட் ஃப்ளூ'வுக்குள் கிடக்கிறது.

உறுமி எங்கள் பக்கத்து வாத்தியம் இல்லை. ஆனால் அந்த அடியின் குடும்பம் தெரியும். மட்டக்களப்பில் பறைமேளக் கூத்து இருக்கிறது, பறையும் சொர்ணாளிக் குழலும் சேர்ந்து முழங்கும். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குப் பறைமேளம் இல்லாமல் எதுவும் நடக்காது. அதே பறைமேளத்துக்குச் சங்கீத வகுப்பில் இடம் இல்லை. பெரியம்மாவின் வகுப்பிலும் இருக்கவில்லை. கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே, "இது செத்த வீட்டு அடியுமில்ல, கோயில் அடியுமில்ல, ரெண்டும்தான்" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் நான் இதுவரை எங்கும் வாசிக்கவில்லை.

அடுத்த தடை, களவு. மாயா மற்றவன் பாட்டை வெட்டி ஒட்டுகிறார், அதில் அவருடையது என்ன? நியாயமான கேள்வி. 'கலா'வின் முதற் பாட்டான 'பாம்பூ பங்கா'வுக்குள் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' இருக்கிறது. எந்த இடத்தில் என்று சொல்லாமல் போட்டேன். கண்டுபிடித்துவிட்டு, "இது ராஜாட பாட்டெல்லுவா!" என்று பெருமையும் கோபமும் சேர்ந்து சொன்னார். அதே அல்பத்தின் 'ஜிம்மி', 1982இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' என்ற ஹிந்திப் படத்தில் பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுபாட்டு. அந்த ஹிந்திப் பாட்டே அதற்கு முன் வந்த ஒரு பிரெஞ்சு டிஸ்கோவின் சாயல். பாரிஸிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து லண்டன், கடைசியில் கல்லடி.

இந்த இடத்தில் நான் வாதாடவில்லை, ஒரு பாட்டைப் பாடச் சொன்னேன். "சக்தி ஸஹித கணபதிம்." சின்னப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுப்பது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பாண்டு வாத்தியம் வாசித்த வெள்ளைக்காரன் மெட்டுகளைக் கேட்டு, அப்படியே எடுத்து, மேலே சமஸ்கிருத சாகித்தியத்தை வைத்தார் தீட்சிதர். 'சந்ததம் பாஹிமாம்' கேட்டுப்பாருங்கள், அது ஆங்கிலேய மன்னரை ஆண்டவன் காக்கட்டும் என்ற கீதத்தின் மெட்டு, வரிக்கு வரி. மன்னருக்குப் பாடியதை அம்பாளுக்குத் திருப்பிவிட்டார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே வெள்ளைக்காரரிடமிருந்து வயலினையே எடுத்துக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? பெரியம்மா பாடி முடித்துவிட்டு, "தீட்சிதர் எடுத்தத வேறாக்கிப்போட்டார். இவ வெட்டினதை வெட்டினபடி வைக்கிறா" என்றார். அந்த வித்தியாசம் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. வெட்டினது வெட்டினதாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்த இசையின் விருப்பமும். தையல் தெரியும்படி தைத்த சட்டை அது.

தையல் என்றதும் சொல்லவேண்டிய ஒன்று. 2020இல் பிரித்தானிய அரச பதக்கம் ஒன்று மாயாவுக்குக் கிடைத்தது. லண்டனில் அந்தப் பதக்கங்களுக்குத் தையல் வேலை செய்தவர் அவருடைய தாய், கலா.

முதல் அல்பம் 'அருளர்' முழுக்க ஒரு பெட்டியில் முளைத்தது. ரோலண்ட் எம்.சி.505 என்ற தாளப்பெட்டி, பியானோ மாதிரிப் பட்டன்களும் திருகுகளும் உள்ளது. வாத்தியம் எதுவும் தெரியாத மாயாவுக்கு இதைத் தொட்டுப்பார் என்று காட்டியவர் பீச்சஸ் என்ற கனடியப் பாடகி. அதில் எழுந்த பாட்டு 'கலாங்'. இங்கே குரலைப் பற்றிப் பேசவேண்டும், சங்கீத ரீச்சர்மார் கடைசிவரை மன்னிக்காதது அதுதான். இதற்கு நான் துணைக்குக் கூப்பிட்டது எங்கள் கூத்தை. வடமோடிக் கூத்தில் அதைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டுச் சொல்லும்போது யாரும் சுருதி பார்ப்பதில்லை. சொல் எங்கே விழுகிறது, எவ்வளவு கனத்தோடு விழுகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். வாயால் தாளச் சொல் சொல்லும் கொன்னக்கோலும் அதே. 'கலாங்'கில் மாயாவின் ஆங்கிலம் பாதி ஜமேக்கா, பாதி லண்டன் ஒழுங்கை. பொருளை விட்டுவிட்டுச் சொற்கட்டாகக் கேட்டால் வாய் எவ்வளவு சுத்தம் என்று தெரியும். பெரியம்மா விரலை மடக்கி ஆதி தாளம் போட்டுப் பார்த்தார், எட்டும் சுத்தமாக உட்கார்ந்தது. கடைசியில், பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில், அதுவரை இல்லாத ஒரு கூட்டுக்குரல் திறந்த தொண்டையில் எழுந்து வரும். "இதக் கடைசிவரைக்கும் ஒளிச்சு வச்சிருந்திருக்கிறா" என்றார். கோர்வை இல்லாத இசையில் கோர்வைக்கு நிகரான ஒன்றை அவர் கண்ட முதல் இடம் அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'மாயா' அல்பம் காதுக்கு வேலி. துளைபோடும் இயந்திரத்தின் சத்தமே தாளமாக ஓடும் பாட்டு இருக்கிறது. 'போர்ன் ஃப்ரீ' 1977இல் சூசைட் என்ற நியூயோர்க் குழு போட்ட ஒரு லூப்பின் மேல் கத்துகிறது. எனக்குப் பிடிக்கும், பெரியம்மாவுக்கு நான் போடவே இல்லை. அதிலும் 'இட் டேக்ஸ் எ மசில்' என்ற மெதுவான ரெகே இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொடுக்கலாம். 'எய்ம்' அவ்வளவு சரியில்லை என்பது என் எண்ணம், 'போர்டர்ஸ்' தவிர. ரகுமான் ரசிகராக இருந்தால் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தின் 'ஓ... சாயா' ஒரு நல்ல பாலம். இருவரும் சேர்ந்து செய்தது, ஒஸ்கார் பரிந்துரைவரை போய், அதே ரகுமானின் 'ஜெய் ஹோ'விடம் தோற்றது. வெறும் ஆட்டத்துக்கு 'பேட் கேர்ள்ஸ்'. பொப்பிசை என்ற சொல்லையே எழுபதுகளில் நித்தி கனகரத்தினத்திடமும் ஏ.ஈ.மனோகரனிடமும் கேட்டு வளர்ந்த தலைமுறை இது, ஆட்டத்துக்கு விளக்கம் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் 'மாதங்கி'க்கு வந்தோம், பெரியம்மா கேட்ட கேள்விக்கு. அல்பத்தைக் கேட்டுமுடித்து அவர் சொன்னது அல்பத்தைப் பற்றியதே இல்லை. "மாதங்கிக்கு என்ன படைக்கிற தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பத்து மகாவித்தைகள் என்ற தாந்திரிகத் தேவிகளில் ஒருத்தியான அவளுக்கு உச்சிஷ்ட மாதங்கி என்றொரு வடிவம் இருக்கிறது. உச்சிஷ்டம் என்றால் எச்சில், உண்ட மிச்சம். மற்றத் தெய்வங்களுக்குத் தீண்டக்கூடாதது இவளுக்கு நைவேத்தியம். ஊருக்கு வெளியே தள்ளிவைத்த சனத்தின் பெண்ணாகத்தான் தாந்திரிக நூல்கள் அவளைக் காட்டுகின்றன. மாணிக்க வீணையும் எச்சில் சோறும் ஒரே தெய்வத்துக்கு. தண்டகத்திலேயே மாதங்க கன்யா என்று வருகிறது, நாற்பது வருடமாகப் பாடியும் அந்தச் சொல்லில் நின்று யோசித்ததில்லை என்றார்.

அவருடைய அலுமாரியில் விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' இருக்கிறது, அட்டை கழன்ற பழைய பிரதி. காரைதீவில் பிறந்த மனிதர், கையில் ஒரு யாழும் இல்லாமல், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மிஞ்சிக் கிடந்த சில அடிகளைப் பிடித்துக்கொண்டு, நரம்புக் கணக்குப் போட்டு, அழிந்துபோன வாத்தியத்தைத் திரும்பக் கட்டியவர். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே போய்விட்டார். அந்தப் புத்தகத்தையும் ஓட்டோப் பெட்டியையும் ஒரே விறாந்தையில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏதோ தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. அடிகளையும் எம்.ஐ.ஏ.வையும் ஒரு வாக்கியத்தில் வைத்தால் பெரியம்மா பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருப்பார்.

இப்போது அவருடைய போனில் ஆறு பாட்டு இருக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாம்பூ பங்கா', 'கலாங்', 'போய்ஸ்', அந்த மெதுவான ரெகே, 'மாதங்கி'. ராஜாவின் மூலப் பாட்டையும் ஏழாவதாகப் போடச் சொல்லியிருக்கிறார், ஒப்பிட்டுப் பார்க்கவாம். கோழிச் சத்தம் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறார். 'பேப்பர் பிளேன்ஸ்' அந்தப் பட்டியலில் இல்லை. நான் திரும்பப் போடவில்லை, அவரும் கேட்கவில்லை.